மர வளையம் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் தங்கள் மகள், வடதுருவத்தை ஒட்டிய காடுகளின் மர வளையங்களைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய விரும்புவதாகவும், 'மரத்தில் கோடு எண்ணினால் யார் சம்பளம் கொடுப்பார்கள்' என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சம்பளத்துக்கு முன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்; பெயரைக் கேட்டவுடன் இது தாவரவியல் என்று முடிவுகட்டிவிடுவதே பலரும் செய்யும் முதல் பிழை.

சுவீடனின் வடக்கே டோர்னெட்ராஸ்க் ஏரிப் பகுதியிலும் பின்லாந்தின் லாப்லாந்திலும் கோடை மிகக் குறுகியது. காடு முடியும் எல்லையில் நிற்கும் பைன் மரம் ஓர் ஆண்டில் எவ்வளவு பருக்கும் என்பதை அந்தச் சில வாரக் கோடையின் வெப்பமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த வளர்ச்சி ஆண்டுக்கொரு வளையமாக அடிமரத்தில் பதிகிறது. வளையத்தின் அகலத்தைக் காட்டிலும், அதனுள் கோடையின் பிற்பகுதியில் உருவாகும் கரிய வரியின் அடர்த்தி அந்த வெப்பத்தை நன்றாகக் காட்டும். பெரு நாட்டின் உவாய்னாபுட்டினா எரிமலை 1600-இல் வெடித்ததற்கு அடுத்த கோடை எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பது, பூமியின் மறுபக்கத்து ஊசியிலைக் காடுகளில் 1601-ஆம் ஆண்டு வளையத்தின் அடர்த்திக் குறைவில் பதிவாகியிருக்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஒரு மாதிரியை என் மேசைமேல் வைத்தார். மரத்தை வெட்டாமல், மார்பளவு உயரத்தில் உள்ளீடற்ற எஃகுத் துளைப்பானைத் திருகி எடுத்த, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பருமனுள்ள குச்சி அது. காடி வெட்டிய கட்டையில் ஒட்டி, உப்புத்தாளால் கண்ணாடிபோல் இழைக்கப்பட்டிருந்தது. உருப்பெருக்கியில் எண்ணி 112 என்றேன். "இரண்டு ஆண்டைத் தொலைத்துவிட்டீர்கள், ஐயா" என்றார். மிக மோசமான ஆண்டுகளில் அடிமரத்தின் சில பக்கங்களில் வளையமே உருவாகாமல் போவதுண்டு. அதைக் கண்டுபிடிக்க அருகிலுள்ள பல மரங்களின் குறுகல்–அகலல் வரிசையோடு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பொருத்தமே துறையின் உயிர்நாடி. லாப்லாந்தின் ஏரிகளுக்கு அடியில் கிடக்கும் பழைய பைன் கட்டைகளை உயிருள்ள மரங்களோடு இப்படிக் கோத்துத்தான் 7,500 ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்லும் வரிசையை அமைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவது முழுக்கக் கணக்கு. வானிலை நிலையப் பதிவின் ஒரு பகுதியைக் கொண்டு வளையத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைக் கணித்து, ஒதுக்கிவைத்த மறுபகுதியில் அது நிற்கிறதா என்று சோதிப்பார்கள். நின்றால் மட்டுமே பதிவே இல்லாத நூற்றாண்டுகளுக்கு அதை நீட்டலாம். எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி என்ன மிச்சம் என்றும் கேட்டிருந்தீர்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வடகாடுகளின் சில இடங்களில் வெப்பம் ஏற ஏற, மரங்களின் வளர்ச்சி அதற்கு ஈடாக ஏறவில்லை. வெப்பத்தால் நேரும் நீர்ப்பற்றாக்குறையா, வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இன்று பிசகும் அளவுகோல் பழைய வெப்பக் காலங்களை மட்டும் எப்படிச் சரியாகக் காட்டும் என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது. தங்கள் மகளின் தலைமுறைக்கு வேலை இருக்கிறது.

ஆகவே இளநிலையில் இயற்பியல், புள்ளியியல், புவியமைப்பியல் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கச் சொல்வேன். தாவரவியலே வேண்டுமென்றால் கணிதத்தைத் துணைப்பாடமாக விடாமல் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் வந்த இன்னொரு மாணவி, பெயரில் 'காலநிலை' இருந்த ஒரே காரணத்தால் ஒரு தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்தார். மூன்று ஆண்டில் புள்ளியியல் தாள் ஒன்றுகூட இல்லை. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருளை இப்போதே கற்கத் தொடங்கலாம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) பராமரிக்கும் பன்னாட்டு மரவளையத் தரவு வங்கியில் வடகாடுகளின் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதுநிலையை இங்கேயே முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் வரும். லக்னோவின் பீர்பால் சாகினி நிறுவனத்திலும் புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்திலும் மரவளைய ஆய்வு நடக்கிறது. அங்கே இமயத்து மரங்களில் கை பழகிய பிறகு வடக்கே போகலாம். சுவீடனில் முனைவர் பட்ட மாணவர் பொதுவாகச் சம்பளம் பெறும் ஊழியர், கட்டணமும் இல்லை. முதுநிலைக்கோ நம் மாணவர்கள் கட்டணம் செலுத்தியாக வேண்டும். நிலத்தை விற்று முதுநிலைக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டம் கைக்கு வரும்போது வயது முப்பதை நெருங்கும். இடையில் விலக நேர்ந்தால், ஆண்டு வரிசையில் அமைந்த தரவுகளைக் கணிக்கும் காலத்தொடர்க் கணிப்பில் தேர்ந்தவருக்கு வானிலைக் கணிப்பு, காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் இடமுண்டு. வளையம் எண்ணத் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் யாரும் அழைக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நம் ஊர் மரங்களில் வளையம் தெளிவாகத் தெரிபவற்றுள் தேக்கும் ஒன்று. அருகிலுள்ள மரவாடியில் தேக்கின் அடித்துண்டிலிருந்து குறுக்கே அறுத்த வட்டத் துண்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, நடுவிலிருந்து பட்டை வரை இரண்டு கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அவரே தேடட்டும், உதவ வேண்டாம். அந்தக் குறிப்பேட்டோடு இருவரும் நேரில் வாருங்கள், எந்தக் கல்லூரி என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.