பனிக்காலத்துல பூட்டிக் கிடக்கிற வீடு: கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. வெளியூர்ல இருக்கறவங்களோட வீட்டுச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டு கிருஷ்ணகிரி சுத்துவட்டாரத்துல பாத்துக் கொடுக்கறதுதான் என் வேலை, அதுக்கு முன்னாடி பிளம்பிங் வயரிங் ரெண்டும் பண்ணிட்டிருந்தேன். ஐப்பசி மழை ஆரம்பிச்சா மாசி வரைக்கும் போன் நிக்காது, அதான் எல்லாக் கேள்வியும் இங்கயே கேட்டுடுங்கன்னு சொன்னேன்.

காவேரிப்பட்டணம், இப்ப பெங்களூர்: அண்ணா, அம்மா வீட்ட தீபாவளி முடிஞ்சு பூட்டினா பொங்கலுக்குத்தான் திறக்கறோம். தூசி வரக்கூடாதுன்னு ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டுத்தான் போறோம், ஆனா திறந்தா ஒரே பூஞ்சை வாடை, பீரோல புடவை மேல வெள்ளையா படிஞ்சிருக்கு.

மொதல்ல அந்த டேப்ப பிச்சுப் போடுங்கம்மா. மழைல செவுரு தண்ணி குடிச்சிருக்கும், அது காயறதுக்குள்ள நீங்க மூடிட்டுப் போறீங்க, அந்த ஈரம் எங்க போகும் சொல்லுங்க, ராத்திரி செவுரு சில்லுன்னு ஆனதும் அதுலயே திரும்பப் படியுது, பூஞ்சைக்கு வேற என்ன வேணும். வென்டிலேட்டர்ல கொசுவலை அடிச்சு திறந்தே விடுங்க. பீரோவ செவுத்துலருந்து நாலு விரல் தள்ளி வைங்க, கதவ லேசா திறந்து வைங்க, நகை பணம் எதுவும் அதுல விட்டுட்டுப் போகாதீங்க. பட்டுப்புடவைய பழைய காட்டன் வேட்டில சுத்தி கூட வசம்பு போடுங்க, அந்துருண்டை ஜரிகைல படக்கூடாது. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா யாராவது வந்து ஜன்னலத் திறந்தே ஆகணும், அதுவும் வெயில் ஏறினப்புறம், பதினொரு மணிக்கு மேல. சில பேரு வேலைக்குப் போற வழியில காலைல ஆறு மணிக்கே திறந்து விட்டுட்டுப் போறாங்க, மார்கழி மூடுபனி மொத்தமும் உள்ள வந்து உக்காந்துக்கும், அதுக்குத் திறக்காமலே இருக்கலாம்.

ஓசூர்: சார், நானும் வீட்டுக்காரரும் மூணு மாசம் பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போறோம். அங்க குளிர்ல பைப்பு உறைஞ்சு வெடிச்சிடும், தண்ணிய வடிச்சிட்டு வாங்கன்னு பொண்ணு சொல்றா. மாடில சோலார் ஹீட்டர் இருக்கு, அதையும் வடிச்சிடணுமா?

பொண்ணு சொல்றது அவங்க ஊருக்குச் சரிம்மா. தண்ணி ஐஸ் ஆனா ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், பைப்பு தாங்காது, அதனால அங்க காலி வீட்டுலகூட ஹீட்டர 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, நம்ம கணக்குல 13 டிகிரிக்கு, கீழ விடாம ஓட விட்டுட்டு மெயின் வால்வ மூடிட்டுத்தான் கிளம்புவாங்க. ஓசூர் எவ்ளோ குளுந்தாலும் பூஜ்ஜியத்துக்குப் போகாது.

சோலார மட்டும் தயவுசெஞ்சு வடிச்சிடாதீங்க. கண்ணாடி டியூப் வச்ச மாடல்னா உள்ள தண்ணி இல்லாம வெயில்ல காஞ்சா டியூப் பயங்கரமா சூடேறும், திரும்பி வந்த அன்னிக்கு மத்தியானமே நீங்க வால்வத் திறந்து பச்சத்தண்ணி விட்டா படபடன்னு விரிசல் விட்டுடும். டேங்க் நிறைஞ்சு இருக்கட்டும், சோலாருக்குப் போற வால்வு திறந்தே இருக்கட்டும், டியூப் மேல கெட்டியான தார்ப்பாய் போட்டு காத்துக்குப் பறக்காம கட்டுங்க. வீட்டுக்குள்ள இறங்கற லைனுக்கு தனி வால்வு இருக்கும், அத மட்டும் மூடுங்க. மேல்டேங்க் மூடி, சம்ப் மூடி ரெண்டும் இடுக்கு இல்லாம மூடணும், டெங்கு கொசு முட்டைலருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாளே போதும்.

பாலக்கோடு: பாத்ரூம்லருந்து கரப்பான், நாத்தம். ஃபினாயில் ஊத்திட்டுத்தான் பூட்டறோம்.

ட்ராப்புல, அதான் தரையில தண்ணி போற ஓட்டைக்குக் கீழ இருக்கற வளைவுல, நிக்கற தண்ணி காஞ்சு போச்சுன்னா செப்டிக் டேங்க் காத்து நேரா மேல வரும், ஃபினாயில் என்ன பண்ணும் பாவம். கிளம்பும்போது எல்லா ட்ராப்புலயும் குளோசெட்லயும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி மேல ரெண்டு ஸ்பூன் தேங்காண்ணெய் விடுங்க, எண்ணெய் மேல மிதந்துக்கிட்டு தண்ணிய சீக்கிரம் காய விடாது.

தேன்கனிக்கோட்டை: தோட்டத்து வீடு காலியா இருக்கு, ராகி அறுத்து உள்ளயே மூட்டை போட்டுட்டு ஓசூர் வந்துடலாமா?

வேணாம்ங்க. கர்நாடகா பக்கத்துலருந்து ஜவளகிரி வழியா யானைக்கூட்டம் இறங்கறதே ராகி விளையற இந்த மாசங்கள்லதான், வாசனை புடிச்சதுன்னா கதவோ செவுரோ அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ராகி, அரிசி, வெல்லம், உப்பு ஒண்ணும் உள்ள வைக்காதீங்க, செவுத்தோரம் வாழைத்தார் பழுத்துத் தொங்க விடாதீங்க. கரண்ட் வேலி போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, மனுசனும் சாவான், யானையும் சாவும், நீங்க ஜெயிலுக்குப் போவீங்க.

ஊத்தங்கரை: 2024ல வந்த மாதிரி மழை திரும்ப வந்தா பூட்டின வீட்டுக்கு என்ன செய்ய முடியும்?

ஃபெஞ்சல் புயலப்ப டிசம்பர் மொத வாரம் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ன வண்டியெல்லாம் அடிச்சிட்டுப் போச்சு, அந்த மாதிரி மழைக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சாதா மழைக்குப் பண்ணலாம். மாடில தண்ணி இறங்கற குழாய் வாய்ல சருகு அடைச்சிருக்கான்னு பாத்துட்டுப் போங்க, பாதி வீட்டுல கான்கிரீட் ஒழுகறதுக்கு அந்த ஒரு கைப்பிடி வேப்பிலைதான் காரணம். கைப்பிடிச்செவுத்து விரிசல்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா சின்னதுலயே வேரோட எடுங்க. பத்திரம் பட்டா கையோட கொண்டுபோயிடுங்க, பீரோ கீழ்த்தட்டுல வைக்காதீங்க.

தர்மபுரி: மெயின ஆஃப் பண்ணிடவா? இன்வெர்ட்டர், கேமரா, போர் மோட்டார் எல்லாம் இருக்கு.

கேமராவுக்குப் போற எம்சிபி, அதான் போர்டுல இருக்கற ட்ரிப் சுவிட்ச், ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் இறக்கிடுங்க. பேட்டரிய ஃபுல் சார்ஜ் ஏத்தி வயரக் கழட்டிடுங்க, ரெண்டு மாசம் தாண்டினா நடுவுல ஒருக்கா சார்ஜ் ஏத்தச் சொல்லுங்க, காலியாவே கிடந்தா பேட்டரி செத்துடும். ஃபிரிட்ஜக் காலி பண்ணித் தொடச்சு கதவு இடுக்குல ஒரு துணி வைங்க. மோட்டார பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓட்டணும், நம்ம பக்கம் உப்புத்தண்ணி, சும்மா கிடந்தா உள்ள உப்புப் படிஞ்சு ஜாம் ஆகும், ஆயிரம் அடிக்குக் கீழருந்து மோட்டார ஏத்தறதுக்கு ஆகற கூலிய நினைச்சுப் பாருங்க.

அரூர்: வாசல் லைட்ட எரிய விட்டா திருடன் வரமாட்டான்தானே?

பட்டப்பகல்லயும் லைட் எரிஞ்சா ஆளில்லன்னு நீங்களே எழுதி ஒட்டின மாதிரி. அதவிட மார்கழில தெருவே கோலமா இருக்கறப்ப உங்க வாசல் மட்டும் காஞ்சு கிடந்தா எவனுக்கும் தெரிஞ்சுடும். பக்கத்துல ஒரு அக்காவுக்கு மாசம் ஏதாவது கொடுத்து வாசல் தெளிச்சு ரெண்டு இழை கோலம் போடச் சொல்லுங்க. லோக்கல் ஸ்டேஷன்லயும் ஊருக்குப் போறோம்னு எழுதிக் கொடுங்க, ரோந்துல பாப்பாங்க. ஏர்போர்ட்ல நின்னு ஸ்டேட்டஸ் போடறத மட்டும் திரும்பி வந்தப்புறம் வச்சுக்கங்க.

பென்னாகரம்: சாவிய சித்தப்பாகிட்டயே கொடுத்துட்டோம், போதும்ல?

சித்தப்பா திறக்கறாரா? சொந்தக்காரங்கன்னா கேக்கவும் கூச்சமா இருக்கும். ஒவ்வொரு தடவையும் திறந்த ஜன்னலோட ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, பெட்ரோலுக்குக் காசு கொடுங்க.

காரிமங்கலம்: போகிக்கு முந்தின நாள் ராத்திரி வந்து இறங்குவோம், குழந்தைங்க இருக்காங்க. மொதல்ல என்ன பாக்கணும்?

ராத்திரி வராதீங்க, பகல்ல வாங்க. எலி இருந்த வீட்டுல பாம்பு இருக்கலாம், கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும், கீழ பாய் போட்டுப் படுத்தா தெரியாமலே கடிச்சிட்டுப் போகும். டார்ச்சோட பெரியவங்க மட்டும் உள்ள போய் கட்டிலுக்கு அடில, செருப்பு ஸ்டாண்டுல, பாத்ரூம்ல பாருங்க, இருந்தா அடிக்கப் போகாம தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க, 101. கேஸ் வாடை வந்தா ஒரு சுவிட்சயும் தொடாம ஜன்னலத் திறங்க. எலி வயரக் கடிச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் மெயினப் போடணும். டேங்க்ல பழைய தண்ணி முழுசா இறக்கிட்டு புதுசு ஏத்துங்க, அது வரைக்கும் குடிக்க ஒரு கேன் வாங்கிக்கங்க.