தசை ஸ்டெம் செல்: வாசகர் கேள்விகள்

கே: டி.என்.ஏ. மெத்திலேற்றமும் புரத மெத்திலேற்றமும் ஒன்றுதானே?

ப: இல்லை. ஏறுவது அதே மெத்தில் குழுதான் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு), ஏறும் இடம் வேறு. புரதத்தில் பெரும்பாலும் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் மேல் ஏறும்.

கே: தசை ஸ்டெம் செல்லில் புரத மெத்திலேற்றத்துக்கு என்ன வேலை?

ப: தசை ஸ்டெம் செல்லான சாட்டிலைட் செல் சாதாரணமாகத் தசைநாரை ஒட்டிச் சும்மா கிடக்கும், அடிபட்டால் விழித்து இரண்டாகப் பிரியும். அப்போது கார்ம்1 நொதி பாக்ஸ்7 புரதத்தின் ஆர்ஜினின்களில் மெத்திலை ஏற்றினால்தான் எம்.ஒய்.எஃப்.5 மரபணு திறந்து, ஒரு மகள் செல் தசையாகும் வழியில் போகும். டுஷேன் என்பது டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதம் இல்லாததால் வரும் பரம்பரைத் தசைச் சிதைவு நோய். அந்தப் புரதம் இல்லாத டுஷேன் எலிகளில் இந்த இடத்திலேயே கோளாறு. டுஷேன் என்றால் நார் கிழிவது மட்டும்தான் என்று இன்னமும் பாடம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கே: வயதானால் தசைக்காயம் ஆறத் தாமதமாவது தன்னுண்ணல் குறைவதாலா?

ப: அதுவும் ஒரு காரணம். செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று சுத்தம் செய்வதுதான் தன்னுண்ணல் (ஆட்டோஃபேஜி). 2016-ல் ஸ்பெயினில் ஆய்வாளர் முன்யோஸ்-கானோவெஸின் குழு காட்டியது: கிழட்டு எலிகளின் சாட்டிலைட் செல்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியா குவிந்து, செல் எழுந்திருக்கவே முடியாத முதுமைக்குப் போகிறது. ராபமைசினால் தன்னுண்ணலைத் தூண்டியதும் நிலைமை தேறியது. ஆனால் எலியில் நடந்தது எலியில் நடந்ததுதான், ராபமைசின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து, கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

கே: பையனுக்கு டுஷேன். தன்னுண்ணலுக்காக வாரம் 2 நாள் பட்டினி போட்டு, ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

ப: இரண்டும் கூடாது. வயது, எடை, மருந்தின் அளவு எதையும் எழுதாமல் நிறுத்தலாமா என்று மட்டும் கேட்கிறீர்கள்! மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. குறைப்பதானால் மருத்துவர் சொல்லி, படிப்படியாக மட்டும்.

அப்புறம் பட்டினி. ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி 2016-ல் நோபல் வாங்கியது தன்னுண்ணல் பற்றி ஈஸ்ட்டில் செய்த வேலைக்கு. அதைக் காட்டி ஊரையே பட்டினி போடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2022-ல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டரை நாள் பட்டினி போட்ட எலிகளின் தசை ஸ்டெம் செல்கள் இன்னும் ஆழமாகத் தூங்கிவிட்டன. அவை தாக்குப்பிடித்தன, உண்மை, ஆனால் காயம் ஆறத் தாமதமானது. தினமும் தசை சிதைந்து, தினமும் பழுதுபார்க்க வேண்டிய பிள்ளைக்கு அது எதற்கு? குறைந்த புரத உணவில் டுஷேன் எலிகள் தேறின என்றும் ஒருவர் அனுப்பியிருக்கிறார். சரி, ஆனால் எலியில் நடந்தது எலியில் நடந்ததுதான், வளர்கிற பையனுக்குச் சாப்பாடு போடுங்கள்.

கே: மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து தசையைக் கெடுக்குமா?

ப: அபூர்வமாக, நீண்ட நாள் எடுத்தால். செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் தன்னுண்ணலின் கடைசிக் கட்டத்தை அது தடுக்கும். தொடையில் பலம் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.