போன்ல நல்லா வருது, லேப்டாப்புல மட்டும் வைஃபை அறுந்து அறுந்து போகுது

கேள்வி: சார், வீட்ல இருந்துதான் வேலை பார்க்கிறேன். மூணு வருஷ லேப்டாப், விண்டோஸ் 11. ரெண்டு மாசமா பகல்ல பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வைஃபை கட் ஆகுது, மீட்டிங்ல நான் பேசுறது பாதில நின்னு போயி மானம் போகுது. அதே ரூம்ல போன்ல ஒரு பிரச்சனையும் இல்ல. ராத்திரி ஹால்ல உட்கார்ந்து படம் பார்த்தா லேப்டாப்பும் ஒழுங்கா ஓடுது. நெட்வொர்க் ரீசெட் பண்ணிட்டேன், டிரைவரும் (வைஃபை கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டேன். கடைல கேட்டா வைஃபை கார்டு போச்சு, 2500 ரூபா ஆகும்ங்கிறாங்க. மாத்திடலாமா? மேஜைல ரெண்டாவது மானிட்டருக்காக ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கி வச்சேன், மத்தபடி எதையும் மாத்தல.
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இப்போதைக்கு மாத்தாதீங்க. கார்டு நிஜமாவே போயிருந்தா ஹால்லயும்தான் போகணும், ராத்திரியும்தான் போகணும், அதுக்கு இடமும் நேரமும் தெரியாதுல்ல. கடைக்காரரை குறை சொல்லல, கடைல கொண்டு போயி வச்சா அங்க உங்க மேஜையும் இல்ல உங்க ரவுட்டரும் இல்ல, அவர் எதை வச்சு கண்டுபிடிப்பாரு.

முதல்ல போன் விஷயம். போன்ல நல்லா வருதுங்கிறதை அப்படியே நம்பாதீங்க, வைஃபை கொஞ்சம் தடுமாறினாலே சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்கு தாவுற மாதிரி இப்ப நிறைய போன்ல செட்டிங் வச்சிருக்காங்க, நமக்கு தெரியவே தெரியாது. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு ஒரு அரை மணி நேரம் அதே மேஜைல வச்சு வீடியோ ஓட விடுங்க. அப்பவும் நிக்காம ஓடுச்சுன்னா சரி, தப்பு லேப்டாப் பக்கம்தான்.

அடுத்து எந்த இடத்துல அறுந்து போகுதுன்னு பார்க்கணும். நெட்டு உங்ககிட்ட வர்றது ரெண்டு துண்டா வருது, லேப்டாப்புல இருந்து ரவுட்டர் வரைக்கும் ஒண்ணு, ரவுட்டர்ல இருந்து வெளிய ஒண்ணு. எதுன்னு தெரியாமலே ரீசெட் அடிக்கிறதுதான் எல்லாரும் பண்றது, நீங்களும் பண்ணிட்டீங்க, அதுல சேவ் ஆகியிருந்த பாஸ்வேர்டெல்லாம் போனதுதான் மிச்சம். ஸ்டார்ட்ல cmd னு தேடி கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளை டைப் பண்ற கறுப்பு ஜன்னலை, ரெண்டா திறங்க. ஒண்ணுல ரவுட்டர் அட்ரஸுக்கு பிங் (ping, இருக்கியான்னு கேட்டு பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிறது) போடுங்க, பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 ஆ இருக்கும், ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு காட்டும். இன்னொண்ணுல வெளிய இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8 க்கு போடுங்க. கடைசில ஒரு இடம் விட்டு மைனஸ் போட்டு டி சேர்த்துட்டா (ping 8.8.8.8 -t மாதிரி) நிறுத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் ஓட விட்டுட்டு வேலையை பாருங்க, கட் ஆன உடனே எட்டிப் பாருங்க.

ரவுட்டர் ஜன்னல் ஒழுங்கா ஓடி மத்தது மட்டும் டைம்டு அவுட்னு (பதில் வரல) காட்டினா லேப்டாப்பை தொடவே வேணாம், லைன்காரருக்கு போன் போடுங்க. ரெண்டும் சேர்ந்து நின்னு, அந்த நேரம் ரவுட்டர் லைட்டெல்லாம் அணைஞ்சு திரும்ப எரிஞ்சா ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகுதுன்னு அர்த்தம். இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், வருஷக்கணக்கா சூட்டுல கிடந்த அடாப்டர் பலம் போயிருக்கும், இல்லன்னா கரன்ட் இன்வெர்ட்டருக்கு மாறுற அந்த ஒரு நொடில விழுந்து எழும். ஆனா ரவுட்டர் லைட் பாட்டுக்கு எரியுது, ரவுட்டர் பிங்கே 2, 3 மில்லிசெகண்ட்ல ஓடிக்கிட்டிருந்தது திடீர்னு 300, 500 னு எகிறி அப்புறம் நிக்குதுன்னா பிரச்சனை அந்த மேஜைக்கும் ரவுட்டருக்கும் நடுவுல இருக்கு. நீங்க எழுதுனதை வச்சு பார்த்தா இதுதான் வரும்னு நினைக்கிறேன்.

ஏன்னா கடைசி வரில போற போக்குல ஒண்ணு சொல்லிட்டு போயிட்டீங்க, அந்த ஹப். எனக்கு அது மேலதான் சந்தேகமே. யுஎஸ்பி 3 ல டேட்டா போற வேகத்துக்கு அந்த வயரும் கனெக்டரும் சுத்தி ஒரு ரேடியோ இரைச்சலை கிளப்பும், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் வந்து விழும், வைஃபை ஓடுற 2.4, 5 ங்கிற ரெண்டு அலைவரிசைல (பேண்டுன்னு சொல்வாங்க) ஒண்ணு அங்கதான் இருக்கு. இது என் கற்பனை இல்ல, இன்டெல் கம்பெனியே 2012 ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டுச்சு. இரைச்சலை வெளிய விடாத தகடு வச்சு நல்லா ஷீல்டிங் பண்ண ஹப்புல தொல்லை கம்மி, விலை குறைஞ்ச ஹப்புல அந்த தகடு ஒழுங்கா இருக்காது. வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் ஸ்கிரீனை சுத்தி ஓடும், சிலதுல கீ போர்டு பக்கமே இருக்கும், அதுக்கு அரை அடில ஹப்பை வச்சா காதுகிட்ட மிக்சி ஓடுற மாதிரி, ரவுட்டர் சொல்றது எங்க கேக்கும். சிக்னல் கோடு மட்டும் ஃபுல்லா காட்டும், அதனாலதான் யாரும் ஹப்பை சந்தேகப்படுறதே இல்ல. ராத்திரி ஹாலுக்கு போகும்போது ஹப்பை கழட்டிட்டுதானே போறீங்க? வயர்லெஸ் மவுஸ் வச்சிருந்தா இன்னொண்ணு கவனிங்க, ஹப் மாட்டியிருக்கும்போது மவுஸ் அம்பு இழுத்து இழுத்து போகுதா? அதுவும் அதே 2.4 தான், அதுவும் தடுமாறினா சந்தேகமே வேணாம்.

ஒரு முழு நாள் ஹப் இல்லாம வேலை பார்த்துடுங்க, மானிட்டர் இல்லாம கஷ்டம்தான், லேப்டாப்புல எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா நேரா அதுல சொருகுங்க. கட் ஆகலன்னா ஆளு சிக்கிட்டான். அதுக்காக ஹப்பை தூக்கி போட வேணாம், லேப்டாப்போட மறுபக்கத்து போர்ட்டுல மாட்டி, ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மூணு அடி தள்ளி வச்சாலே பாதி சரியாகும். முழுசா சரியாகணும்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிடுங்க. செட்டிங்ஸ்ல வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்குள்ள போனா கீழ நெட்வொர்க் பேண்ட்னு காட்டும், 2.4 ஆ 5 ஆன்னு பாருங்க. போன் 5 லயும் லேப்டாப் 2.4 லயும் உட்கார்ந்திருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன்.

ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா லேப்டாப் இங்கயும் அங்கயும் தாவிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் மீட்டிங்ல ஒரு வெட்டு. பிரவுசர்ல ரவுட்டர் அட்ரஸை அடிச்சு வர்ற செட்டிங் பேஜ்ல 5 க்கு தனி பேர் குடுத்து லேப்டாப்பை அதுல மட்டும் விடுங்க. அங்கயே சேனல், அதாவது பேண்டுக்குள்ள இருக்கிற தனித்தனி பாதை, 36 ல இருந்து 48 க்குள்ள ஒண்ணு போடுங்க. 52 ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல்ல ரேடாரும் ஓடுறதால ரேடார் சிக்னல் மாதிரி ஏதாச்சும் தட்டுப்பட்டாலே ரவுட்டர் அந்த சேனலை விட்டு ஓடணும்னு விதி, அந்த ஓட்டத்துல நீங்களும் கட் ஆவீங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 5 க்கு வேகம் உண்டு ஆனா சுவரைத் தாண்டுற தெம்பு கம்மி, நடுவுல கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் இருந்தா அது சரியா வராது. அப்ப 2.4 லயே இருந்துட்டு சேனலை ஆட்டோல விடாம 1, 6, 11 இதுல எது காலியோ அதுல நிறுத்தி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸா வைங்க. அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டு ரவுட்டர் பத்து தெரியும், இதுக்கு மேல அதுல ஒண்ணும் பண்ண முடியாது.

டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட பவர் மேனேஜ்மென்ட் டேப்ல கரன்ட் மிச்சம் பிடிக்க இதை ஆஃப் பண்ணலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்து விட்டுடுங்க. சில புது லேப்டாப்புல அந்த டேப்பே இருக்காது, தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க. டிரைவர் அப்டேட் பண்ணதுக்கு அப்புறம்தான் மோசமாச்சுன்னா அங்கயே டிரைவர் டேப்ல ரோல் பேக் (பழைய டிரைவருக்கே திரும்புறது) இருக்கு.

ஹப் இல்லாம பார்த்தும் கட் ஆகுதுன்னா ஒரு கேள்வி. இந்த ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஃபேன் கிளீனிங், ஹிஞ்ச் (ஸ்கிரீன் மடக்குற கீல்) ரிப்பேர்னு லேப்டாப்பை எங்கயாச்சும் திறந்தீங்களா? கார்டு மேல கடுகு சைஸ்ல ரெண்டு பித்தளை குமிழ் இருக்கும், ஆன்டெனா வயர் ரெண்டும் அதுல டிக்குனு உட்காரணும், திரும்ப மூடுற அவசரத்துல ஒண்ணு சரியா உட்காராம போறது சாதாரணம், என் கைலயே ஒரு தடவை நடந்திருக்கு, கஸ்டமர் மறுநாளே திரும்ப வந்துட்டாரு. ரவுட்டருக்கு பக்கத்துலயே நின்னாலும் ஒண்ணு ரெண்டு கோடுதான் காட்டுதுன்னா இதுதான். கார்டு வாங்க வேண்டியதில்ல, திறந்து அமுக்குனா போதும்.

இதெல்லாம் தாண்டி கார்டுதான்னு முடிவானா, அது போர்டுல சால்டர் பண்ணதா கழட்டுற மாதிரியான்னு முதல்ல கேளுங்க. இன்டெல் கார்டுல ஏஎக்ஸ் 201, 211 ரெண்டும் அதுக்கான இன்டெல் போர்டுல மட்டும்தான் வேலை செய்யும், உங்களோடது ஏஎம்டி ப்ராசசர்னா ஏஎக்ஸ் 200 இல்லன்னா 210 தான் கேக்கணும், நம்பர் மாறி வாங்கிட்டா காசு தண்டம்.

நாளைக்கு காலைல மீட்டிங் இருந்தா இதையெல்லாம் இன்னைக்கு ராத்திரியே பண்ணிட்டு தூங்காம உட்காராதீங்க. போனை யுஎஸ்பி வயர்ல லேப்டாப்போட சேர்த்து யுஎஸ்பி டெதரிங் (போன் நெட்டை வயர் வழியா லேப்டாப்புக்கு குடுக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க, ஹப்புல சொருகாம நேரா லேப்டாப்புலயே சொருகுங்க, மீட்டிங் முடியட்டும், பிங் ஜன்னலை அப்புறமா திறந்துக்கலாம்.