லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர் பிரிட்டனில் கவனக்குறைவாக ஓட்டி மாட்டினால் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவருக்கு லைசென்ஸ் கிடைத்து 7 மாதம் ஆகிறதாம். சிக்னலில் நின்ற காரில் பின்னாலிருந்து இடித்துவிட்டார், போலீஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா என்று கேட்கிறார்.

ஃபைனைக் கட்டிவிடலாம், அது போனால் போகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது, ஒவ்வொரு குற்றத்துக்கும் லைசென்ஸில் பதிகிற பாயிண்டைப் பற்றித்தான்.

பழைய ஓட்டுநருக்கு மூன்று வருடத்தில் 12 பாயிண்ட் சேர்ந்தால்தான் லைசென்ஸுக்கு ஆபத்து. முதல் டெஸ்ட் பாஸாகி இரண்டு வருடம் முடியாதவருக்கு 6 பாயிண்ட் போதும். 1995இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள், 1997 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டிய குற்றத்துக்கு 3 முதல் 9 பாயிண்ட் வரை போடலாம், கோர்ட் நினைத்தால் நேரடியாகத் தடையும் விதிக்கலாம். கணக்கு புரிகிறதா? சின்னதாக இரண்டு தடவை, இல்லை கொஞ்சம் பெரியதாக ஒரே தடவை. கையில் போனை வைத்து ஓட்டி மாட்டினாலே 6 பாயிண்ட், 200 பவுண்டு, அன்றோடு லைசென்ஸ் போச்சு.

நான் சின்னதாக இரண்டு தடவை மாட்டிய ரகம். சென்னையில் ஒன்பது வருடம் ஓட்டியவன் என்ற திமிர் வேறு. அந்த ஒன்பது வருடம் இங்கே கணக்கிலேயே வராது, இங்கே டெஸ்ட் பாஸான நாளிலிருந்துதான் நான் புது ஓட்டுநர் (இந்திய லைசென்ஸில் முதல் 12 மாதம் ஓட்ட விடுவதைப் பார்த்து, இவர்கள் நம் அனுபவத்தை மதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்). நாலாவது மாதம் 30 மைல் சாலையில் 36இல் போய் கேமராவில் விழுந்தேன். ஒழுங்காக ஓட்டுவது பற்றிய ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போ, பாயிண்ட் வேண்டாம் என்று கடிதம் வந்தது, நான் வீடு மாற்றும் அமளியில் தேதி பதியாமல் விட்டுவிட்டேன், 100 பவுண்டும் 3 பாயிண்டும் வந்து சேர்ந்தன. அப்புறம் பதினான்காவது மாதம், மழைக்காலக் காலை, பக்கத்து சீட்டில் வைத்திருந்த சாம்பார் டப்பா வளைவில் சரிந்தது, இடது கையை நீட்டிப் பிடித்தேன். பிடித்தும்விட்டேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் போன கார் ஜீப்ரா கிராசிங்கில் நின்றிருக்கிறது. நடந்து போகிற வேகத்தில்தான் இடித்தேன், ஆனால் அந்த அம்மாவுக்குக் கழுத்து வலி, போலீஸில் சொன்னார், ஒற்றை நீதிபதி முன்னால் தபாலிலேயே முடிகிற வழக்காக வந்தது. பதில் போட 21 நாள் கொடுத்தார்கள், நான் மூன்றாம் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டேன். வாரச் சம்பளத்தைப் பார்த்து ஒரு அபராதம், மேலே வழக்குச் செலவு, கூடவே 3 பாயிண்ட்.

மூன்றும் மூன்றும் ஆறு என்று எனக்கு உறைத்ததே டிவிஎல்ஏ (லைசென்ஸ் கொடுக்கிற அரசு அலுவலகம்) கடிதம் வந்தபோதுதான்.

லைசென்ஸைப் பிடுங்குவது நீதிபதி இல்லை. கோர்ட் பாயிண்டைப் பதிந்து அனுப்பும், டிவிஎல்ஏ கூட்டிப் பார்த்து ரத்து செய்யும், அவ்வளவுதான். வேலை போய்விடும், குழந்தையை ஸ்கூலில் விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கெஞ்ச அங்கே ஆளே இல்லை. தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போனால் அது முடியும்வரை லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும், ஆனால் சும்மா இழுத்தடித்து இரண்டு வருடத்தைக் கடத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பார்ப்பது குற்றம் நடந்த தேதியை. எல் போர்டு காலத்தில் வாங்கிய பாயிண்ட் இருந்தால் அதுவும் இந்த ஆறில் சேரும்.

பாயிண்டுக்குப் பதில் சின்னத் தடையாகக் கொடுங்கள், அப்படியென்றால் மறுபடி டெஸ்ட் எழுத வேண்டாம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றத்தின் நோக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வேலை, பொதுவாகச் சரியில்லை என்று தண்டனை வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் இதை நம்பி உட்காராதீர்கள்.

"புதுசு சார், கை பழகவில்லை" என்பதும் எடுபடாது. திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநர் எப்படி ஓட்டுவாரோ அதற்குக் கீழே போனால் கவனக்குறைவு, அனுபவம் எத்தனை நாள் என்பது பேச்சே இல்லை. 1971இல் அப்பீல் கோர்ட் வரை போன ஒரு வழக்கு உண்டு. மூன்றாவது பாடத்திலேயே ஒரு பெண் காரை விளக்குக் கம்பத்தில் இடித்துவிட, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த குடும்ப நண்பருக்கு முழங்கால் சில்லு உடைந்தது. கற்றுக்கொள்பவருக்கும் அதே அளவுகோல்தான் என்று கோர்ட் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்பே கவனக்குறைவாக ஓட்டியதாக அந்தப் பெண்ணுக்குத் தண்டனையும் ஆகியிருந்தது. மூன்றாவது பாடத்தில்!

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். யார் ஓட்டியது என்று கேட்டிருந்தால் 28 நாளுக்குள் பதில் போடுங்கள், போடாமல் விட்டால் அதற்கே தனியாக 6 பாயிண்ட், உங்கள் நிலைமையில் அதோடு கதை முடிந்தது. 14 நாள் கழித்து வந்த கடிதம் செல்லாது என்று யாராவது சொல்வார்கள், மோதல் நடந்த வழக்கில் அந்த விதி பொதுவாக உதவாது. மச்சான் பெயரைக் கொடுத்துவிடு, அவனுக்குப் பழைய லைசென்ஸ் என்றும் சொல்வார்கள். அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூன் தன் வேகப் பாயிண்டை மனைவி தலையில் கட்டியது வெளியே வந்து, 2013இல் இரண்டு பேருக்கும் தலா 8 மாதம் ஜெயில். வகுப்புக்குப் போகச் சொல்லி வந்திருந்தால் அன்றைக்கே தேதி பதியுங்கள், என்னை மாதிரி அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

லைசென்ஸ் ரத்தானால் மறுபடி புரொவிஷனல் (கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ்), மறுபடி தியரி, மறுபடி ரோடு டெஸ்ட். நடுவில் தனியாகக் காரை எடுத்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும், புது வழக்கு வரும். பக்கத்தில் உட்காருபவருக்கு 21 வயதும் மூன்று வருட லைசென்ஸும் வேண்டும், என் மனைவிக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர்தான் ஞாயிறு ஞாயிறாக வந்து உட்கார்ந்தார். "தம்பி, கண்ணாடியைப் பாரும்" என்று அவர் சொல்லச் சொல்ல, 34 வயதில் சிவப்பு எல் ஒட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன். டெஸ்ட் பாஸான பிறகு இரண்டு வருடக் கணக்கு மறுபடி தொடங்காது, அது ஒன்றுதான் ஆறுதல். பழைய பாயிண்ட் மட்டும் நாலு வருடம் பதிவில் கிடக்கும், இன்சூரன்ஸ்காரன் ஒவ்வொரு வருடமும் மறக்காமல் கேட்பான்.

உங்களிடம் ஏற்கெனவே பாயிண்ட் ஏதாவது இருக்கிறதா, வந்தது வகுப்புக் கடிதமா கோர்ட் கடிதமா என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.