தென் பிரான்சின் கலப்புச் சிவப்பு ஒயின் தொண்டையில் எரிகிறதா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். வேலையிடத்து நண்பர்கள் விருந்துக்கு வருகிறார்கள். எங்களோடு சேர்த்து எட்டுப் பேர், அதில் ஒயின் குடிப்பவர்கள் ஐந்து பேர். ஆட்டிறைச்சிதான் முக்கிய உணவு. கடைக்காரர் சொல்லி, தெற்கு ரோன் பள்ளத்தாக்கின் ஜிகொந்தாஸ் ஒன்றும், தெற்கே லாங்குடாக் பகுதியின் மினெர்வுவா ஒன்றும் வாங்கி முன்னோட்டமாகக் குடித்துப் பார்த்தோம். தொண்டையில் எரிச்சல், ஜாம் போல ஒரு கனம். ஒயின் சரியில்லையா, நாங்கள் பரிமாறியது தவறா? எத்தனை பாட்டில் வேண்டும்? முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டுமா?

பதில்: இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி எரிந்தது என்றால் ஒயினைச் சந்தேகிக்க வேண்டாம். அவை சூடாக இருந்திருக்கின்றன. தென் பிரான்சின் சிவப்பு ஒயின்கள் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

"சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாறு" என்ற பழைய வழக்கம், கணப்படுப்பு மட்டுமே இருந்த கல் வீடுகளில் பிறந்தது. அந்த அறைகளில் 16, 17 டிகிரி இருந்திருக்கும். இன்றைய ஃபிளாட்டில் குளிர்காலத்தில்கூட 22 டிகிரி, ஆள் கூடினால் 24. ரோன் பள்ளத்தாக்கின் தெற்கிலும் லாங்குடாக்கிலும் வெயிலில் நன்றாகப் பழுத்த திராட்சையில் சர்க்கரை மிகுதி. அது ஆல்கஹாலாக மாறி 14, 14.5, ஜிகொந்தாஸில் 15 சதவீதம்வரை போகும். 22 டிகிரியைத் தாண்டினால் கிளாஸிலிருந்து முதலில் எழுவது ஆல்கஹால் ஆவிதான். பழ வாசம் அதன் அடியில் புதைந்துபோகும், புளிப்பு தெரியாது, மிஞ்சுவது இனிப்பான கனமும் எரிச்சலும். அதே பாட்டிலை 16 டிகிரிக்குக் கொண்டுவந்து குடித்துப் பாருங்கள், வேறு ஒயினைப் போல இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. 23, 24 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை, பரிமாறுவதற்கு 40 நிமிடம் முன்பு குளிர்சாதனப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். மறந்துவிட்டால் ஒரு வாளியில் பாதிப் பனிக்கட்டி, பாதித் தண்ணீர் போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை மூழ்க வையுங்கள். பத்து நிமிடம் போதும். தண்ணீர் சேர்க்காமல் பனிக்கட்டி மட்டும் போட்டால் கண்ணாடியை முழுக்கத் தொடாது, நேரம் இரட்டிப்பாகும். கிளாஸில் ஊற்றிய பிறகு வெப்பம் தானாக ஏறும் என்பதால் 15 டிகிரியில் ஊற்றத் தொடங்குவது நல்லது. 12 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். வாசம் அடங்கிவிடும், துவர்ப்பு கரடுமுரடாகத் தெரியும்.

நீங்கள் வாங்கியவற்றில் என்ன திராட்சை இருக்கிறது என்று லேபிள் சொல்லியிருக்காது. தென் பிரான்சின் பெரும்பாலான ஏஓசி (விளையும் இடத்தின் பெயரால் சட்டப்படி அறியப்படும்) ஒயின்களில் ஊர்ப்பெயர்தான் முன்னால் நிற்கும். லாங்குடாக் பக்கத்து "பேய் தோக்" என்ற வகையில்தான் திராட்சையின் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். கலப்பின் அடித்தளம் பெரும்பாலும் கிரெனாஷ். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி வாசமும் ஆல்கஹாலும் உடல்கனமும் அது தருவது. நிறம் குறைவு, காற்றுப் பட்டால் விரைவில் சோர்ந்துவிடும். அந்தக் குறையைச் சீரா ஈடுகட்டும்: கருநிறம், வயலட் பூ, மிளகு. சீராவில் மூக்குக்கு எட்டும் மிளகு வாசம் வெறும் உவமை அல்ல. ரொட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் மிளகிலும் இருக்கிறது, சீராவிலும் இருக்கிறது. மூன்றாவது மூர்வெத்ர். தாமதமாகப் பழுக்கும், பதனிட்ட தோலின் வாசம், மூலிகை வாசம், அழுத்தமான துவர்ப்பு. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப்பிடிக்குமே, அந்தப் பிடிப்பு. லாங்குடாக்கில் இவற்றோடு கரிஞான் சேரும். வெயிலிலும் புளிப்பை இழக்காத திராட்சை அது. சேன்சோ என்ற திராட்சை கலப்பை இலேசாக்கும்.

இந்தத் திராட்சைகள் ஒரே நாளில் பழுப்பதில்லை. அதனால் பல பண்ணைகளில் தனித்தனியாக நொதிக்கவைத்து, பிறகு ருசி பார்த்துச் சேர்க்கிறார்கள். தெற்கு ரோனின் ஷாத்தோநெஃப்-து-பாப்பில் 13 வகைக்கு அனுமதி உண்டு. ப்ரொவான்ஸ் கடற்கரையின் பந்தோலிலோ சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வெத்ராக இருந்தாக வேண்டும், மரப்பீப்பாயில் 18 மாதமும் இருக்க வேண்டும். எந்தத் திராட்சை மிகுதி என்று தெரிந்துகொண்டால் "முன்கூட்டியே திறக்கலாமா" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தக்கையை மட்டும் எடுத்துவைப்பதால் எதுவும் நடக்காது. பாட்டிலின் கழுத்துக்குள் காற்று படும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுதான். காற்றுப் பட வேண்டும் என்றால் கராஃபில் (அகன்ற கண்ணாடிக் கூஜா) ஊற்றுங்கள். சீராவும் மூர்வெத்ரும் அதிகமுள்ள, நான்கைந்து ஆண்டுக்குள்ளான ஒயினுக்கு ஒரு மணி நேரம். இளம் பந்தோலுக்கு இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படும். கிரெனாஷ் மிகுந்த, பத்து ஆண்டு தாண்டிய பாட்டிலுக்கு நேரெதிர்: முந்தைய நாளே நிமிர்த்தி நிற்கவைத்து, வண்டல் அடியில் இறங்கியபின், குடிக்கும் நேரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அடியிலுள்ள கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள். வண்டல் கெடுதல் செய்யாது, வாயில் மணலாக உறுத்தும், அவ்வளவே. உங்கள் மினெர்வுவா இளசாக இருந்தால் அரை மணி நேரம் போதும். கராஃபும் அறையில் நின்றால் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம். அதையும் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

திறந்ததும் அழுகிய முட்டையோ எரிந்த தீக்குச்சியோ போல் வாடை வந்தால் பதற வேண்டாம். காற்றுப் படாமல் அடைபட்டிருந்த கந்தகச் சேர்மங்கள் அவை. கராஃபுக்கும் இன்னொரு பாத்திரத்துக்கும் நாலைந்து முறை மாற்றி ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கதை வேறு. தக்கையிலிருந்து வந்த கெடுதல் அது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் போகாது. தக்கையை மறுபடி பொருத்திக் கடைக்கே கொண்டுபோய் மாற்றித்தரக் கேளுங்கள். மாட்டுத்தொழுவ வாசம் ஒருவகை ஈஸ்ட்டின் வேலை. இலேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், பழ வாசத்தையே மூடிவிட்டால் அது குறைதான்.

இனி ஆட்டிறைச்சி. எரிச்சலுக்கு இரண்டாவது காரணம் உங்கள் குழம்பாகவும் இருக்கலாம். மிளகாயின் காரமும் ஆல்கஹாலும் வாயில் ஒரே சூட்டுணர்வு நரம்பைத் தூண்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். துவர்ப்பும் அப்போது கசப்பாகத் தெரியும். மிளகாயை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, மிளகு, சீரகம், சோம்பு வறுத்துப் பொடித்துச் சுக்காவாகச் செய்தால் சீராவின் மிளகு வாசத்தோடு அழகாகப் பொருந்தும். புளியைத் தவிருங்கள், தக்காளியை அளவோடு போடுங்கள். இந்த ஒயின்களில் புளிப்பு ஏற்கெனவே குறைவு, உணவில் புளிப்பு கூடினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறிக்குத் தயங்க வேண்டாம். ஊர் வழக்கப்படி செய்வதானால் பூண்டு குத்தி, தைம், ரோஸ்மேரி தூவி அடுப்பில் சுட்ட ஆட்டுத்தொடை. திராட்சைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள புதர்க்காட்டில் வளரும் செடிகளே இவை. மீன் குழம்பு இருந்தால் அதற்கு இந்தச் சிவப்பு வேண்டாம். ஒயினிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் உலோக வாடை தரும். ப்ரொவான்ஸ் ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) ஒரு பாட்டில் வாங்கிவையுங்கள்.

அளவு: ஒரு பாட்டில் 750 மில்லி, அதாவது 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ். குடிக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கு அரைப் பாட்டில் என்று வைத்தால் மூன்று பாட்டில். தக்கைக் கெடுதலுக்காக நான்காவதைத் திறக்காமல் வைத்திருங்கள். முதலில் இலேசான மினெர்வுவா, இறைச்சியோடு ஜிகொந்தாஸ். மாற்றிச் செய்தால் மினெர்வுவா தண்ணீராகத் தெரியும். 40 சென்டிலிட்டருக்குக் குறையாத, வாய் சற்றே குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மேலுள்ள வெற்றிடத்தில்தான் வாசம் தங்கும்.

14.5 சதவீத ஒயினில் 125 மில்லி என்பது சுமார் 14 கிராம் ஆல்கஹால். பிரான்சில் ஓர் அளவு என்று கணக்கிடும் 10 கிராமைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் சட்ட வரம்பு, புதிய உரிமம் உள்ளவர்களுக்கு 0.2. யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மேசையில் தண்ணீர்க் கூஜா இரண்டு இருக்கட்டும்.

மிஞ்சினால் பாதிப் பாட்டிலாக விட்டுவைக்க வேண்டாம். 375 மில்லி சிறு பாட்டிலைக் கழுவி, விளிம்புவரை ஊற்றி இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிரெனாஷ் காற்றுக்குப் பலவீனமானது, இப்படி வைத்தாலும் மூன்று நாள்தான். பழ வாசம் மறைந்து உலர்திராட்சையும் வினிகரும் எட்டிப்பார்த்தால் குடிக்க உதவாது. வினிகர் வாடை வருமுன் என்றால் மாட்டிறைச்சி தோபில் (ஒயினில் வேகவைக்கும் பிரெஞ்சுக் கறி) ஊற்றி மெதுவாக வேகவிடலாம்.