கேள்வி – பதில்: பஞ்ச காலத்து நாயகர்கள்

கேள்வி: 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் நொந்துபோயிருந்த நமக்கு, அந்தச் செப்டெம்பரில் ஒரே நாளில் கிடைத்த ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் வெற்றியும் வலைப்பந்தாட்ட வெற்றியும் பெரிய ஆறுதலாக இருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர்களுக்கு அப்படி ஆறுதல் தந்தவர் யார்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பலர் இருந்தார்கள். ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால், மனிதர்களை விட்டுவிட்டு ஒரு குதிரையைச் சொல்வேன். உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்ற 1933 ஆம் ஆண்டில் பிறந்த சீபிஸ்கட் என்ற அக்குதிரை, உயரம் குறைந்தது, முழங்கால்கள் புடைத்தவை, ஓடிய முதல் 17 பந்தயங்களிலும் தோற்றது. 1936 இல் அதை 8,000 டொலருக்கு வாங்கிய சார்ள்ஸ் ஹவார்ட், சைக்கிள் திருத்தத் தொடங்கி மோட்டார் கார் வியாபாரத்தில் உயர்ந்தவர். அதன்மீது ஏறி வென்ற ரெட் பொலார்டுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தெரிந்தால் தொழில் போய்விடும் என்பதால் அதை மறைத்தே பந்தயம் ஓட்டினார்.

1938 நவம்பர் 1 ஆம் திகதி, போல்டிமோர் நகரின் பிம்லிக்கோ திடலில், முந்திய ஆண்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றிருந்த வோர் அட்மிரல் என்ற குதிரையுடன் சீபிஸ்கட் தனியாக மோதியது. திடலில் சுமார் 40,000 பேர்; வானொலியில் கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கு கோடி என்பது கணிப்பு. புறப்பாட்டில் மின்னலெனப் பாய்வது வோர் அட்மிரலின் பலம் என்பதால், பயிற்றுநர் டொம் ஸ்மித் தாமே ஒரு மணியைச் செய்து, அது ஒலித்த கணமே பாயும்படி சீபிஸ்கட்டைப் பழக்கியிருந்தார். பொலார்ட் அப்போது கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால் ஜோர்ஜ் வூல்ஃப் ஓட்டினார். "முன்னேறியதும் சற்றுத் தளர்த்தி எதிரியைப் பக்கத்தில் வரவிடு, அதைக் கண்ணெதிரே கண்டால்தான் நம்முடையது முழு மூச்சோடு ஓடும்" என்பதே பொலார்ட் அவருக்குச் சொல்லியனுப்பிய யோசனையின் சாரம். வூல்ஃப் அப்படியே செய்தார். நான்கு குதிரை நீளத்தில் வெற்றி கிடைத்தது.

அன்று வோர் அட்மிரல் வென்றிருந்தால் பத்திரிகைகளில் ஒரு நாள் செய்தியாக முடிந்திருக்கும். கழித்துவிடப்பட்ட குதிரை, காலொடிந்த ஓட்டுநர் என்ற கதையில்தான் வேலையிழந்தவர்கள் தங்களைக் கண்டார்கள். (நம் ஊர் புக்கிக் கடைக்காரர்கள் இந்தப் பதிலை விளம்பரமாக்கிவிட வேண்டாம்.)

கேள்வி: சுப்பர்மேன் ஹிட்லரை எதிர்ப்பதற்காகவே படைக்கப்பட்டவர் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மகன் கப்டன் அமெரிக்காவை நினைத்துச் சொல்கிறார் போலும். அமெரிக்கா போரில் இறங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, 1941 மார்ச் திகதியிட்ட முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டவர் அவர்தான். சுப்பர்மேன் 1938 ஜூன் திகதியிட்ட, 10 சத விலையுள்ள சித்திரக்கதை இதழில் வந்தவர். கிளீவ்லாந்து நகரின் யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த மந்தகாலத்துப் பிள்ளை. தொடக்கக் கதைகளில் அவருடைய எதிரிகள் வேற்றுக்கிரகத்தார் அல்லர். மனைவியை அடிப்பவன், ஊழல் அரசியல்வாதி, தொழிலாளர் உயிரை மதியாத முதலாளி ஆகியோரே. ஒரு கதையில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் உரிமையாளரையும் அவருடைய விருந்தினர்களையும், விருந்து உடையோடேயே அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்து, மண்வெட்டியும் கையுமாகத் திண்டாட விடுகிறார். பின்னாளில் வந்த அண்டவெளிச் சண்டைகள் அனைத்தையும்விட எனக்கு அந்தச் சுரங்கக் கதையே பிடிக்கும். படைத்த இருவரும் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டு, நீண்டகாலம் வழக்காடி, 1975 இல்தான் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் பெற்றார்கள்.

கேள்வி: குழந்தை நட்சத்திரம் ஷேர்லி டெம்பிளின் படங்கள் இன்று திகட்டுகின்றன. அக்காலத்தவர் எப்படித்தான் இரசித்தார்களோ?
– வாசகி, தெஹிவளை

பதில்: எனக்கும் திகட்டுகின்றன. ஆனால் 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் அந்தச் சிறுமிக்கே. தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை கல்நெஞ்சுக்காரப் பெரியவர்களைக் கரைப்பது அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் கதை. வீட்டில் அடுப்பு எரியாதவர்களுக்கு அது தேவைப்பட்டது.

கேள்வி: இவையெல்லாம் பசித்தவனுக்கு வேடிக்கை காட்டி வாயடைக்கும் தந்திரம் அல்லவா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: படநிறுவனங்கள் இலாபம் பார்த்தன என்பதை மறுக்கமாட்டேன். இருந்தாலும் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை இக்கணக்கில் சேர்க்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அலபாமாவின் பருத்தி நிலங்களில் விளைச்சலில் ஒரு பங்குக்கு உழைத்த கறுப்பினக் குடும்பத்தில் 1914 இல் பிறந்து, டெட்ரொயிட்டில் வளர்ந்தவர். 1936 இல் ஜேர்மானியரான மக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார்; 1938 ஜூன் 22 ஆம் திகதி நியூயோர்க்கின் யாங்கி அரங்கில் அதே ஷ்மெலிங்கை இரண்டு நிமிடமும் நான்கு விநாடியும் கடந்தபோது வீழ்த்தி முடித்தார். கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்த ஹாலெமின் வீதிகளில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். மந்தகாலத்தில் வேலைக்குக் கடைசியாக எடுக்கப்பட்டு, முதலாவதாக நீக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த வெற்றி அவர்களை வாயடைக்கவில்லை, பேச வைத்தது. வெள்ளையரும் அன்று அவரைத் தம் நாட்டு வீரரென்று கொண்டாடினார்கள். ஆனால் 1942 இல் அவர் சேர்ந்த இராணுவம் கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்த இராணுவம். கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குச் சண்டைப் பணத்தை வழங்கிய அவரையே பிற்காலத்தில் வருமான வரிக் கடன் துரத்தியது. நாயகர்கள் பசியைத் தீர்ப்பதில்லை என்ற அளவில் உங்களோடு உடன்படுகிறேன்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் விளையாடும் மொனோபொலியும் அக்காலத்ததா?
– வாசகி, வத்தளை

பதில்: பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது 1935 இல். கையில் காசில்லாதவர்கள் கடதாசி நோட்டுகளால் காணியும் வீடும் வாங்கிக் குவித்தார்கள். வேலையிழந்த விற்பனையாளர் சார்ள்ஸ் டரோ கண்டுபிடித்தார் என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. உண்மையில் அதற்கு மூலமானது, லிஸி மகீ என்ற பெண்மணி 1904 இலேயே காப்புரிமை பெற்ற விளையாட்டு. காணிச் சொந்தக்காரர்கள் வாடகையால் கொழுப்பதைக் கண்டிக்கவே அவர் அதை வடிவமைத்திருந்தார். டரோ செல்வந்தரானார், மகீயின் காப்புரிமையை நிறுவனம் 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது.