கடலோரத்தில் எடுத்த தம்பதி படம்: எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: முட்டம் கடற்கரையில் அக்காவையும் அத்தானையும் சாயங்காலம் ஃபோனில் படம் எடுத்தேன். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாகிவிட்டது. ஆப்பில் வெளிச்சம் கூட்டி, தோலை வழவழப்பாக்கினேன். அம்மா பார்த்துவிட்டு ‘கொள்ளாம்’ (நல்லாயிருக்கு) என்றார். நண்பன், கலர் ரொம்பத் தூக்கல் என்கிறான். அக்காவோ ‘இது நானே இல்ல’ என்கிறாள். அவர்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு 12x18 அங்குலத்தில் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. எப்படிச் சரிசெய்வது?
- மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: மூன்று பேர் சொன்னதில் உங்களுக்கு உண்மையில் உதவுவது அக்கா சொன்னதுதான். ‘கொள்ளாம்’ அன்பில் வரும் சொல். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. நண்பன் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் அது விளைவைப் பற்றியது. அக்கா சொன்னது காரணத்தைத் தொடுகிறது: படத்தில் ஆள் மாறிவிட்டார்.

எனவே திருத்திய படத்தை மறந்துவிட்டு, ஃபோனில் இருக்கும் மூலப் படத்துக்குத் திரும்புங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த பிரதி வேண்டாம். அங்கே சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. 12 மெகாபிக்சல் மூலப் படமென்றால் நீளப் பக்கம் 4000 பிக்சல், அங்குலத்துக்கு 220க்கு மேல். சுவரில் மாட்ட அது தாராளம்.

முகம் இருண்டது ஒரு வகையில் நல்லதுதான். வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியே இல்லை; இருண்ட முகத்தை ஓரளவு மீட்கலாம். நீங்கள் படம் முழுவதற்கும் சேர்த்து வெளிச்சம் கூட்டியிருப்பீர்கள். முகம் தெளிவதற்குள் வானம் சுண்ணாம்பாகியிருக்கும். ஸ்னாப்சீட் ஆப்பில் ‘செலக்டிவ்’ என்றொரு கருவி உண்டு. முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் அதன் வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி, அங்கே மட்டும் வெளிச்சத்தை 15 அல்லது 20 கூட்டுங்கள். அத்தானுக்குத் தனிப் புள்ளி. இன்னும் வேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சூரியனுக்கு முன்னால் நிற்பவர் முகம் சற்று நிழலில் இருப்பதுதான் இயல்பு. அதற்கு மேல் தூக்கினால் நிழலில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு எழும், ஆட்களை வெட்டி ஒட்டியது போலவும் ஆகிவிடும்.

நிறத்துக்கு அத்தானின் வெள்ளை வேட்டியைப் பாருங்கள். அது நீலம் பாய்ந்திருந்தால் படம் குளிர்ந்திருக்கிறது. ஆரஞ்சாக இருந்தால் சூடு கூடிவிட்டது. அதற்காகப் பளிச்சென்ற வெள்ளைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தி வெயிலில் வேட்டி லேசான மஞ்சளாகத்தான் இருக்கும், அந்த மஞ்சள் போனால் முட்டத்து மாலையும் போய்விடும். அக்கா சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தால் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) தொடவே தொடாதீர்கள். முதலில் கெடுவது சிவப்புதான். மடிப்பும் சரிகையும் ஒரே கறையாகிவிடும். நண்பன் கண்ணில் பட்டதும் அதுவாக இருக்கலாம்.

தோல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளுப்பாக்காதீர்கள். நம் ஊர் வெயிலும் கடற்காற்றும் கண்ட நிறம் அது. அந்த வீட்டுச் சுவரில் அந்த நிறத்தோடுதான் அவர்கள் இருக்க வேண்டும். எனக்கு ஒரே அளவுகோல்தான்: ஒரு வாரத்தில் தானாக மறையும் பருவையோ கொசுக்கடியையோ நீக்கலாம். மச்சம், தழும்பு, சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடு இவற்றைத் தொடக்கூடாது. பழைய படங்களைச் சரிசெய்து தரச்சொல்லி வருகிறவர்கள் அம்மாவின் தாடை மச்சம் தெரிகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எடிட்டிங்கில் தீராத ஒன்றும் இருக்கலாம். கடலும் வானமும் சேரும் கோடு அவர்கள் கழுத்தை வெட்டிக்கொண்டு போகிறதா? கோடு சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம், இடம் மாற்ற முடியாது. ஒரே தரையில் நிற்கும்போது ஃபோன் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் தொடுவானம் அவர்கள் உடலைக் கடக்கும். உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தால் அவர்கள் கழுத்திலோ முகத்திலோ விழும். இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்தால் இடுப்பில் விழும், தலைகள் இரண்டும் வானத்தில் தனித்துத் தெரியும். அப்படிக் கழுத்தில் விழுந்திருந்தால் இன்னொரு மாலை போய் வாருங்கள், இருப்பது ஒரே மாவட்டத்தில்தானே. நம் பக்கம் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45க்கும் இடையில். அரை மணி முன்னதாகப் போய், இந்த முறை நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று அவர்களை மேற்கு பார்க்க நிறுத்துங்கள். அந்த வெயில் முகத்தில் விழுந்தால் எந்த ஆப்பும் வேண்டாம். கடலே பின்னணியாக வேண்டுமென்றால் சூரியன் இறங்கி 10 நிமிடம் பொறுத்து எடுங்கள்.

திருத்திய படத்தை அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள். வெகுநேரம் பார்த்த கண் தூக்கலான நிறத்துக்குப் பழகிப்போயிருக்கும். மறுநாள் காலை நீங்களே ஒரு முறை பார்த்துவிட்டுக் காட்டுங்கள். ‘நல்லாருக்கா?’ என்று கேட்டால் மறுபடியும் ‘கொள்ளாம்’தான் கிடைக்கும். ‘கண்ணு முதல்ல எங்க போச்சு?’ என்று கேளுங்கள். வானத்துக்கு என்று இரண்டு பேர் சொன்னால் வானத்தைச் சற்று மங்கலாக்க வேண்டும். எங்கே உறுத்துகிறது என்பதில் பிறர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படித் திருத்துவது என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். கடைசிச் சொல் அக்காவுக்கும் அத்தானுக்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு வேலை பாக்கி. ஃபோன் படம் பெரும்பாலும் 3:4 விகிதம், 12x18 என்பது 2:3. நீங்களே வெட்டிக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் வெட்டுவார், அக்காவின் தோள் போய்விடும். ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பி, தானியங்கிக் கலர் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபோன் திரையில் தெரிவதைவிட அச்சு சற்று இருட்டாகவே வரும். அதனால் முதலில் 4x6 அளவில் ஒன்று போட்டு, வீட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதற்குச் சொல்லுங்கள். சட்டம் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வரப்போகிறதென்றால் பளபளக்காத மேட் தாளில் கேளுங்கள்.